எல்லாரும் ஒரே கட்டுரையை எழுதிக் கொடுத்தால்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை நான். பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. 41 பேரில் முக்கால்வாசிப் பேர் 2019இல் இங்கேயே ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். பிரிவதற்கு முன் ஏழு வருட நினைவுகளைத் தொகுத்து ஒரு மலர் போட வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். அரையாண்டு விடுமுறையில் எழுதி வரச் சொன்னேன். வந்தவை எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. “சிட்டாய்ச் சிறகடித்த நாட்கள்”, “கண்ணீரோடு விடைபெறுகிறோம்”. பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று எனக்கே தெரியாது. நான்கு பேர் வெறும் தாளை நீட்டி, “ஞாபகம் ஒண்ணும் இல்ல டீச்சர்” என்கிறார்கள். ஒரே ஒரு மாணவன் வேறு மாதிரி எழுதியிருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் கொடுப்பதற்காக “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க” என்று ஓர் ஆசிரியர் சொன்னதையும், அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போனதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். “மலர்ல இதெல்லாம் வேண்டாம்மா” என்கிறார் தலைமையாசிரியர். ஏழாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண்ணையும் சேர்க்க வேண்டும் என்று மாணவிகள் கேட்கிறார்கள். அவள் இப்போது உள்ளூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். பொதுத்தேர்வு நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்? இதில் முன்னுரை வேறு நான் எழுத வேண்டுமாம்.

பதில் (பள்ளி மாணவர்களுக்கான உளவியல் ஆலோசகர்):

அன்புள்ள டீச்சருக்கு,

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், இருப்பதில் அதுதான் எளிது. இந்த வேலைக்கு இரண்டு பாடவேளை போதும். அதையும் செய்முறைத் தேர்வுகள் தொடங்குவதற்குள், ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நேரம் கேட்டீர்களென்றால் உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதுதான் நியாயம். “பரீட்சை முடியட்டும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்” என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கடைசித் தேர்வு முடிந்த மதியம் சட்டையில் மை தெளித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடுகிற பிள்ளைகளை யாராலும் பிடித்து உட்கார வைக்க முடியாது. ஜனவரியில் எழுதி வாங்கி, ஏப்ரலில் நீங்கள் அடுக்கி, மே மாதம் மதிப்பெண் சான்றிதழும் டி.சி.யும் வாங்க வரும்போது கையில் கொடுங்கள். அவர்கள் எல்லாரும் எப்படியும் பள்ளிக்கு வந்தாக வேண்டிய காரியம் அது ஒன்றுதான்.

இனி அந்த ஒரே மாதிரிக் கட்டுரைகள். பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று ஆறாம் வகுப்பிலிருந்து நாம்தான் பழக்கியிருக்கிறோம். ‘பள்ளி நினைவுகள்’ என்று தலைப்புக் கொடுத்த உடனே கை தானாக அந்தத் தடத்தில் ஓடும். சிட்டும் கண்ணீரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்றிரண்டு கட்டுரைகளைச் சாட்ஜிபிடியே எழுதியிருக்கும், அதை இப்போது துருவ வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விடுமுறையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டேதான் எழுதியிருப்பார்கள். சேர்ந்து நினைத்துப் பார்த்தால் அதிகம் ஞாபகம் வரும் என்றுதான் நாமெல்லாம் நம்புகிறோம். 1997இல் வெல்டன், பெலிஞ்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று பேர் கூடி உட்கார்ந்து நினைவுகூர்ந்ததை, தனித்தனியாக எழுதிய மூன்று பேரின் தாள்களைச் சேர்த்துக் கிடைத்ததோடு ஒப்பிட்டார்கள். கூடி உட்கார்ந்தவர்கள் சொன்னதுதான் குறைவாக இருந்தது. பிறகு பலரும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் ஏறக்குறைய அதே முடிவுதான். ஒருவர் பேசும்போது அடுத்தவர் தன் போக்கில் பிடித்து வைத்திருந்த இழை அறுந்துபோகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். வகுப்பில் சத்தமாகப் பேசுகிற நான்கு பேரின் ஞாபகம் நாற்பது பேரின் ஞாபகமாகிவிடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே எழுதி வந்ததை எல்லாம் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பாடவேளையில் தேர்வுக்கு உட்காருவதுபோல் இடைவெளி விட்டு உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு தாள். தலைப்பு கிடையாது. “மறக்க முடியாத”, “இனிமையான”, “பசுமையான” என்ற மூன்று சொற்களுக்கும் அன்றைக்கு விடுமுறை. உணர்ச்சியைக் கேட்காதீர்கள், பொருளையும் இடத்தையும் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் முதல் நாள் உனக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார்? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியிலிருந்து உன்னோடு சேர்ந்து வந்தவர்கள் யார் யார், அவர்களில் இன்று பேச்சுவார்த்தை இல்லாதவர் உண்டா? தண்ணீர் எங்கே குடித்தாய்? மாணவிகளிடம் கூடவே இன்னொன்று கேட்கலாம்: தண்ணீர் குடிக்காமலே இருந்த நாட்கள் உண்டா, ஏன்? கழிப்பறையைப் பற்றி ஆய்வு அறிக்கை சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடும்.

சாப்பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பத்து வரை தட்டை எடுத்துக்கொண்டு முட்டைக்காக வரிசையில் நின்ற பிள்ளை, பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரம் மதியம் என்ன செய்தது? வீட்டிலிருந்து டப்பா வந்ததா, நண்பனின் டப்பாவில் கை வைத்ததா, பசியில்லை என்று சொல்லிக்கொண்டு மைதானத்துப் பக்கம் போய்விட்டதா? வகுப்பில் பாதிப் பேருக்காவது இதற்குப் பதில் இருக்கும். எந்த மலரிலும் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இந்த வகுப்புக்கென்றே சில விஷயங்களும் இருக்கின்றன, வேறு எந்த வருடத்துப் பிள்ளைகளுக்கும் வாய்க்காதவை. 2019 ஜூனில் திருநெல்வேலி மாவட்டத்து மாணவர்களாகப் பள்ளியில் சேர்ந்தார்கள். நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாகியது, முகவரி மாறிவிட்டது. கொரோனாவால் ஆறாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை எழுதவே இல்லை. 2025 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதினார்கள். 2018இல் தொடங்கிய அந்தத் தேர்வை 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை 2025-26 கல்வியாண்டிலிருந்தே எடுத்துவிட்டது. ஆக, அந்தத் தேர்வை எழுதிய கடைசி வகுப்பு உங்களுடையது. ஒரு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் தப்பித்திருப்போம் என்று அவர்கள் புலம்பியிருக்காவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் புலம்பல் மலரில் இருக்க வேண்டும்.

வெறும் தாளை நீட்டிய நால்வருக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதை நம்புங்கள். நீங்கள் ‘ஏழு வருட நினைவுகள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பள்ளியில் ஏழு வருடம் கிடைக்கவில்லையே! 2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளி ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. ஏழாம் வகுப்பு என்ற ஒன்று அவர்களுக்கு நடக்கவே இல்லை. பெரிய வகுப்புகளுக்கு நடுவில் சில வாரங்கள் பள்ளி திறந்தபோதும் இவர்களைக் கூப்பிடவில்லை. எட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே, 2022 ஜனவரியில் மறுபடி ஒரு மாதம் மூடினார்கள். பதினோரு வயதில் பிரிந்த பிள்ளைகள் திரும்பச் சந்தித்தபோது பாதிப் பையன்களுக்குக் குரல் உடைந்திருக்கும். அரும்பு மீசை முகக்கவசத்துக்குள் இருந்திருக்கும்.

வீட்டிலேயே கிடந்த நாட்கள் ஒன்றைப்போலவே இன்னொன்று இருந்ததால் மனதில் தேதி வாரியாகப் பதியாது. இடமும் ஆளும் வேளையும் மாறினால்தான் நினைவுக்குப் பிடி கிடைக்கும். அதனால் “ஏழாம் வகுப்பில் என்ன செய்தாய்” என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். “வீட்டில் யாருடைய போனில் பாடம் வந்தது? அந்த போன் பகலில் யார் கையில் இருந்தது?” என்று கேளுங்கள். “கல்வித் தொலைக்காட்சியில் உன் வகுப்புப் பாடம் ஓடும்போது வீட்டில் டி.வி. யாரிடம் இருந்தது?” என்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி இலை வெட்டியவர்கள் இருப்பார்கள், விடிகாலையில் பூப் பறிக்கப் போனவர்கள் இருப்பார்கள், விசைத்தறிக்குத் தாரில் நூல் சுற்றியவர்கள் இருப்பார்கள். எட்டாம் வகுப்பில் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தபோது எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள், சொல்லிக் கொடுத்த அக்கா யார் என்று கேளுங்கள். தாள் நிரம்பும். அப்படியும் நிரம்பவில்லையென்றால் அவன் பெயரையும் அவன் எழுதிய ஒற்றை வரியையும் போட்டு மீதிப் பக்கத்தைக் காலியாகவே விடுங்கள். அப்படி ஒரு பக்கம் இருப்பதில் குறை ஒன்றுமில்லை.

எழுதி வாங்கிய பிறகு இரண்டாவது பாடவேளை. இப்போது சேர்த்து உட்கார வைத்து, அவரவர் தாளை வாசிக்க விருப்பப்பட்டவர்கள் மட்டும் வாசிக்கட்டும். சண்டை வரும், வரட்டும். எந்த விஷயத்தில் வரும் என்றுகூட ஊகிக்கலாம்: 2023 டிசம்பர் 17, 18 மழை. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுச் சமயம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, நான்கு தென் மாவட்டப் பள்ளிகளுக்கும் விடுமுறை விட்டார்கள். தேர்வு எந்தப் பாடத்தோடு நின்றது, மீதியை எப்போது எழுதினோம் என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் 1986 ஜனவரி 28ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மறுநாள் காலையே தன் கல்லூரி மாணவர்களிடம், செய்தி கேட்டபோது எங்கிருந்தாய், யார் சொன்னது என்று எழுதி வாங்கிவிட்டார். சுமார் இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். கால்வாசிப் பேரின் புதிய பதிலில் முக்கியமான எந்த விவரமும் பழையதோடு பொருந்தவில்லை. ஆனால் உறுதியாகச் சொன்னார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. அதனால் மழைச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல நீங்கள் உட்கார வேண்டாம். பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தேதியை மட்டும் ஒரு ஓரத்தில் குறித்துவிட்டு, நான்கு கதையையும் அடுத்தடுத்துப் போடுங்கள். எனக்கு வாசிக்கக் கிடைத்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.

இனி அந்த மாணவன் எழுதிய ஒன்றரைப் பக்கம். உங்கள் கடிதத்தில் இதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மற்ற நாற்பது பேரும் எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்க, அவன் ஒருவன் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறான். யார் சொன்னது, என்ன சொன்னது, மறுநாள் யார் எந்த பெஞ்சுக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் மேலே சொன்ன பயிற்சி எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

தலைமையாசிரியரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு வார்த்தை வெளியே போனால் ஊரில் என்ன ஆகும் என்பது அவர் கவலை. ஆனால் ‘மலரில் வேண்டாம்’ என்று முடிவெடுக்க வேண்டியவர் அவரில்லை, நீங்களும் இல்லை. எழுதியவன்தான் முடிவெடுக்க வேண்டும். அதே அளவுக்கு, ‘தைரியமாகப் போடு’ என்று அவனை உந்துகிற உரிமையும் உங்களுக்கு இல்லை. அவனும் அவன் அம்மா அப்பாவும் அதே தெருவில்தான் இருக்கப் போகிறார்கள்.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. கல்லூரி மாணவர்களைத் தங்கள் வாழ்க்கையில் நடந்த வேதனையான சம்பவத்தைப் பற்றி நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடம் எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு மனது இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. இதை வைத்து ‘எழுதினால் ஆறிவிடும்’ என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த மாணவர்கள் எழுதியதை அவர்களுடைய வகுப்பில் யாரும் வாசிக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. எழுதுவது ஒரு காரியம், அச்சில் ஏற்றுவது வேறு காரியம். உங்கள் மாணவன் முதல் காரியத்தை முடித்துவிட்டான். இரண்டாவதைப் பற்றி அவனிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், நாலு பேர் காது அங்கே இருக்கும். இதை எதற்காக எழுதினாய்: யாராவது வாசிக்க வேண்டும் என்றா, எனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றா? உன் பெயரோடு வர வேண்டுமா? அம்மாவுக்கு இது தெரியுமா? பெஞ்ச் மாறிப் போனவன் இதே வகுப்பில் இருக்கிறானே, அவன் வாசிக்கும்போது நீ எங்கே இருக்க விரும்புகிறாய்? அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். நகல் எடுக்கக் கடைக்குப் போகிற நாள் வரைக்கும் மனதை மாற்றிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

போடலாம் என்று அவன் சொன்னால் ஒரு திருத்தம் மட்டும் செய்யலாம்: ஆசிரியரின் பெயரையும் பெஞ்ச் மாறிய பையனின் பெயரையும் எடுத்துவிடுவது. அதையும் அவனைக் கேட்டுச் செய்யுங்கள். மற்றபடி ஒரு சொல்லையும் மழுப்ப வேண்டாம். “எஸ்.சி. பசங்க எந்திரிங்க” என்பதை “சில மாணவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்” என்று மாற்றினால் பிறகு அதில் என்ன இருக்கிறது? கடைசியில் “ஆனால் இப்போது நாங்கள் எல்லாரும் நண்பர்கள்” என்று ஒரு வரி சேர்க்கும் ஆசையும் யாருக்காவது வரும். அந்த வரியை அவன் எழுதவில்லை என்றால் அது அங்கே இருக்கக் கூடாது.

தலைமையாசிரியரிடம் பேசும்போது மலரை விட்டுவிட்டு, இதை எடுத்துக்கொண்டு போங்கள். அவன் ஒன்பதாம் வகுப்பு முடித்த அடுத்த கல்வியாண்டில், 2023 ஆகஸ்டில், பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு பற்றிய பரிந்துரையைத்தான் எல்லாரும் பேசினார்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, வகுப்பாசிரியர் எந்த மாணவரையும் சாதியைச் சொல்லி நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் உதவித்தொகைப் படிவம் இன்றைக்கு எப்படிக் கொடுக்கப்படுகிறது? ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு அழைத்துக் கொடுக்கிறார்களா, இன்னும் வகுப்பில் நிறுத்தித்தானா? இந்த ஒன்றை அவர் இந்த வாரமே சரிசெய்ய முடியும். மலரில் அந்தப் பக்கம் வந்தாலும் வராவிட்டாலும், எழுதியவனுக்கு நீங்கள் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும்.

இதோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று. இப்படிக் குறிப்பாகக் கேள்வி கேட்டு எழுதச் சொன்னால், நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் தாளில் வந்து விழலாம். பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி இருந்தால்கூட அதை ரகசியமாக வைத்திருக்க உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதனால் எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “நீங்கள் எழுதுவதை உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனால் யாராவது உங்களுக்குத் தீங்கு செய்ததாக எழுதினால், உதவி செய்வதற்காக நான் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாக வேண்டும்.” எழுதி வாங்கிய பிறகு இதைச் சொல்வது நியாயமாகாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டே தொடங்குங்கள்.

ஜவுளிக்கடைப் பெண்ணைப் பற்றி மாணவிகள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்தபோது வராமலே போனவர்களில் ஒருத்தியாக இருப்பாள். அவளை மட்டும் தனியாகச் சேர்த்தால் ‘நின்றுபோனவள்’ என்ற முத்திரையோடு நிற்பாள். எனவே 2019 ஆறாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து அதில் உள்ள அத்தனை பெயரையும் ஒரே பட்டியலாகப் போட்டுவிடுங்கள். டி.சி. வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர்கள், ஐ.டி.ஐ. போனவர்கள், வேறு குரூப் எடுத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் வரட்டும். ஆறாம் வகுப்பு என்பது அவர்கள் எல்லாரும்தானே. அந்தப் பட்டியலில் அவள் பெயர் அகர வரிசையில் எங்கே வருகிறதோ அங்கே வரும், அவ்வளவுதான்.

அவளைப் பற்றி மற்றவர்கள் எழுத வேண்டாம். “பாவம், நல்லாப் படிப்பா” என்றுதான் எழுதுவார்கள். கடையில் அவள் அதை வாசித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அதே கேள்வித்தாளை அவளிடமே ஒரு தோழி கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கடைக்கு வேண்டாம், முதலாளி பார்க்க வேண்டாம், வீட்டுக்குப் போகட்டும். எழுத விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள், பட்டியலில் பெயர் போடலாமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதினால், பள்ளிக்கு வராத அந்த வருடங்களில் ஊர் எப்படி இருந்தது என்று அவளால் சொல்ல முடியும். காலை எட்டரை மணிக்கு அதே தெருவில் யூனிஃபார்மில் போகிறவர்களைக் கடை வாசலிலிருந்து பார்த்தவள் அவள்தான். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. அதை நீங்கள் நேரில், வேறு ஒரு நாள் சொல்லுங்கள். மலர்த் தாளோடு சேர்த்துக் கொடுத்தால் மலருக்கு அழைத்ததே அதற்காகத்தான் என்று ஆகிவிடும்.

புத்தகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டைப் செய்ய வேண்டாம், அச்சகத்துக்கும் போக வேண்டாம். அவரவர் கையெழுத்திலேயே ஒரு பக்கம், அடித்தல் திருத்தலோடு. அதை நகல் எடுத்து ஸ்பைரல் போட்டால் ஒரு கையெழுத்து இதழ். நம் ஊர்ப் பள்ளிகளில் கையெழுத்து இதழ் நடத்துவது பழைய வழக்கம்தான், தலைமையாசிரியருக்கும் நினைவிருக்கும். பள்ளியின் பெயரில் வருகிற ‘மலர்’ என்றால் அவர் பொறுப்பு. வகுப்பு இதழ் என்றால் அவருடைய கவலையும் பாதியாகக் குறையும். இன்னொரு லாபம், எழுத்துப் பிழையோடு இருக்கிற கையெழுத்துப் பக்கத்தில் சிட்டு சிறகடிப்பது அவர்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பி.டி.எஃப். ஆக்கி எங்கும் பகிர வேண்டாம். முக்கியமாக மாணவிகளின் படமும் யாருடைய போன் நம்பரும் அதில் வேண்டாம், ஒரு ஃபார்வர்டில் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பையன்களின் பக்கம் முன்னால், பெண்களின் பக்கம் பின்னால் என்று வகுப்பறையில் உட்கார்ந்தபடியே அடுக்கிவிடாதீர்கள். ஏழு வருடம் ஒரே அறையில் இருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள் தாளிலாவது பக்கத்தில் பக்கத்தில் வரட்டும்.

கடைசியாக உங்கள் முன்னுரை. எழுதாதீர்கள். நீங்கள் முன்னால் நின்று ‘என் செல்வங்களே’ என்று தொடங்கினால், பின்னால் வருகிற பக்கங்களையும் அந்தக் குரலிலேயே வாசிக்கத் தோன்றும். அதற்குப் பதில், பிள்ளைகள் எழுதுகிற அதே நேரத்தில் நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருங்கள். இவர்களை முதலில் பார்த்தது எந்த அறையில், அன்று யார் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டீர்கள், எந்தப் பாடத்தை நடத்தும்போது வகுப்பு தூங்கியது என்று எழுதுங்கள். முதுமையில் தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலோர் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்ததைத்தான் அதிகம் சொல்கிறார்கள் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் பல முறை கண்டது. அப்படிப் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் நாளைக்குச் சொல்லப் போகிற கதைகளில் நீங்கள் எப்படியும் வரத்தான் போகிறீர்கள். உங்கள் பக்கத்துக் கதையையும் ஒரு தாளில் சொல்லி வையுங்கள். பெயருக்குரிய அகர வரிசையில், 41 பேருக்கு நடுவில் அது எங்கே வருமோ அங்கே சேர்த்துவிடுங்கள்.